மார்ச் 15-இல் நின்றுபோன சக்தி

முழங்கால் நடுங்க ஆரம்பித்தால் எனக்கு வரலாறு ஞாபகத்துக்கு வந்துவிடும். பிறவிக் கோளாறு. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால், நவீன ஒலிம்பிக் 1896-இல் ஏதென்ஸில் தொடங்கியது என்று அவருக்கே பாடம் எடுத்துக்கொண்டு நின்றவன் நான். வேலை நிமித்தம் சீனாவுக்கு வந்து, ஷான்சி மாகாணத்தின் சியான் நகரில் குடியேறிய பிறகு கோளாறு முற்றிவிட்டது. இங்கே முழங்காலை நடுங்கவைக்கிற வித்தைகளும் அதிகம், வரலாறும் அதிகம்.

தாவோயிசத்தில் பெரிய பிரிவான சுவான்ஜென் மரபு பிறந்த மண் இது. அதை நிறுவிய வாங் சோங்யாங் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். சியானுக்குத் தெற்கே ஜோங்நான் மலைப்பக்கம் தனக்குத் தானே குழி வெட்டி, ‘உயிரோடு இருக்கும் பிணத்தின் கல்லறை’ என்று அதற்குப் பெயரும் வைத்து, உள்ளேயே சில வருஷம் உட்கார்ந்துவிட்டார். இதைப் படித்த அன்றைக்கே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குழி வெட்டும் உத்தேசமெல்லாம் இல்லை. ஆனால் உடம்புக்குள் ஓடுகிற ‘ச்சி’ என்ற பிராண சக்தியை ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நண்பர் ஒருவர் மூலம் ஓர் ஆசிரியர் கிடைத்தார். தாடி இல்லை. வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ வேறு. முதல் ஏமாற்றம் அங்கேயே ஆரம்பம். சக்தியை முதுகெலும்பு வழியாக ஏற்றி, உச்சந்தலையில் திருப்பி, மார்பு வழியாக அடிவயிற்றுக்கு இறக்கும் சுற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் தயாரிப்போடு போயிருந்தேன். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டவைப்பது எதற்கு என்பதுகூட எனக்கு அத்துப்படி. முதுகுப் பாதைக்கும் மார்புப் பாதைக்கும் அங்கேதான் பாலம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அவர், “நில்லுங்கள்” என்றார்.

நின்றேன். பாதங்கள் தோளகலத்துக்கு விலகி, முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு கைகளும் ஒரு பெரிய மரத்தைக் கட்டிக்கொண்ட பாவனையில். அவ்வளவுதான் வித்தை. அடுத்தது என்ன என்று கேட்டதற்கு, “இதுதான்” என்றார். கொஞ்ச நேரத்தில் தொடை எரிந்தது. மூக்குக் கண்ணாடி வேர்வையில் வழுக்கி நுனிக்கு வந்து நின்றது. கையை எடுத்துத் தூக்கிவிடக் கூடாது. இடது கால் தன்னிச்சையாகத் தந்தியடிக்க ஆரம்பித்தது. வரலாறு வந்துவிட்டது.

“ஐயா, 1973-இல் மாவாங்துவியில் தோண்டியபோது ஒரு பட்டுத்துணி ஓவியம் கிடைத்ததே, 44 பேர் உடற்பயிற்சி செய்கிற மாதிரி... கி.மு. 168-இல் மூடிய கல்லறை. அதில் இந்த நிலை உண்டா?”

“முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள்” என்றார்.

வகுப்பில் இப்படி மானம் போனாலும் வீட்டில் எனக்குத் தனிப்பட்ட முறையில் பெரும் முன்னேற்றம் இருந்தது. குளிர்காலம். எதிர் ஃபிளாட்காரர் என்னையே பார்க்கிறார் என்பதால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் வால் எலும்பில் இளஞ்சூடு தெரிந்தது. மெல்ல இடுப்புக்கு ஏறியது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் தோள்பட்டை வரை வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த அதே பாதை! ஆசிரியரிடம் சொன்னபோது, “முன்பக்கம்?” என்று கேட்டார். முன்பக்கம் ஒன்றும் இல்லை என்றேன். “ம்” என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பழனியில் இருக்கும் சித்தப்பாவுக்கு உடனே போன் போட்டேன். நான் சீனா போகிறேன் என்றபோது உறவில் எல்லோரும் ‘ஏழாம் அறிவு’ பார்த்த ஜோரில் போதிதர்மரை விசாரித்தார்கள். சித்தப்பா ஒருவர்தான் போகரைச் சொன்னார். போகர் சீனத்துக்குப் போய்வந்தவர் என்பது நம் சித்தர் மரபில் வழங்குகிற கதை. பழனி மலையில் அவர் சமாதியும் இருக்கிறது. “அவரு ஆகாசத்துல பறந்து போனவருடா. நீ டிக்கெட் வாங்கிட்டுப் போயிருக்க. விசாரிச்சுட்டு வர்றதுக்கு என்ன?” என்பார். சூடு தோளுக்கு ஏறிய சேதி கேட்டதும் அவர் குரல் தழுதழுத்தது. “நம்ம வம்சத்துல ஒருத்தனாச்சும்...” என்று ஆரம்பித்து முடிக்க முடியாமல் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார்.

சியானில் நவம்பர் 15-ஆம் தேதி ஊருக்கெல்லாம் சேர்த்துச் சூடேற்றத்தைத் திறந்துவிடுவார்கள். வீட்டுக்கு வீடு, ஜன்னலுக்குக் கீழே பொருத்திய இரும்புக் குழாய்களில் வெந்நீர் ஓடும். மார்ச் 15-ஆம் தேதி நிறுத்திவிடுவார்கள். சென்னைவாசியான எனக்கு இந்த ஏற்பாட்டின் முதல் தேதி மட்டும்தான் மனதில் பதிந்திருந்தது. மார்ச் 16-ஆம் தேதி காலை வழக்கம்போல் நின்றேன். முதுகு பழைய முதுகாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றும் வால் எலும்பு ஜில்லென்றே இருந்தது. சாதகனுக்கு இப்படிச் சக்தி தடைபடும் கட்டம் ஒன்று உண்டா என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மனைவி இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏங்க, ஹீட்டிங்க நிறுத்திட்டாங்க போல.”

சித்தப்பாவிடம் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குள் அவர் தண்டாயுதபாணிக்கு என் பேரில் அர்ச்சனை செய்து பிரசாதத்தைக் கூரியரில் அனுப்ப விலாசம் கேட்டுவிட்டார்.

பிராயச்சித்தமாகப் போகர் விஷயத்தையாவது முடிக்கலாமென்று எட்டு அமரர் கோயிலுக்குப் போனேன். சியானின் பெரிய தாவோயிசக் கோயில். 1900-இல் அந்நியப் படைகளுக்குத் தப்பி பெய்ஜிங்கிலிருந்து இங்கே வந்த மகாராணி சிக்ஸி, இதன் திருப்பணிக்கு வெள்ளி கொடுத்திருக்கிறார். உச்சிக்கொண்டையில் மரக்குச்சி செருகிய துறவி ஒருவர் பெஞ்சில் அமர்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். என் அரைகுறைச் சீனத்தில் போகரைப் பற்றிச் சொன்னேன், பழனி மலையைச் சொன்னேன். அவருக்குப் போகர் பிடிபடவில்லை, மலை பிடித்துவிட்டது. படியா, ஏற்றமா, எவ்வளவு நேரம் ஆகும் என்றெல்லாம் கேட்டார். நான் வின்ச்சில் போவதுதான் வழக்கம், கூட்டமில்லாவிட்டால் ரோப் கார், என்றேன். என் முழங்காலை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி செல்போனுக்குத் திரும்பினார்.

தானியத்தைத் துறக்கும் விரதத்தையும் முயன்றேன். பழைய தாவோயிச நம்பிக்கைப்படி நம் உடம்பில் மூன்று புழுக்கள் வாசம் செய்கின்றன. தலையில் ஒன்று, மார்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அறுபது நாளுக்கு ஒருமுறை, நாம் தூங்கும்போது மேலுலகத்துக்குப் போய் நம் குற்றங்களைக் கோள்மூட்டிவிட்டு வரும், ஆயுள் குறையும். தானியத்தை நிறுத்தினால் பட்டினியில் அவை சாகும். சியானோ கோதுமை ஊர். அலுவலகத்துக்குக் கீழே ஒரு நூடுல்ஸ் கடை. மாவை இரு கையாலும் பிடித்துப் பலகையில் அறைந்து அறைந்து பெல்ட் அகலத்துக்கு இழுப்பார்கள். வெந்ததைக் கிண்ணத்தில் போட்டு, மேலே மிளகாய்த்தூளும் பூண்டும் குவித்து, கொதிக்கிற எண்ணெயை ஊற்றுவார்கள். சர்ரென்று ஒரு சத்தம். எழுகிற வாசனை லிஃப்டில் ஏறி மேலே வரும். மத்தியானம் வரை தாக்குப்பிடித்தேன். புழுக்கள் மூன்றும் நலம்.

உள்ளூரில் எதுவும் சரிப்படவில்லை என்றால் மலைக்குப் போவதுதான் மரபு. சியானுக்குக் கிழக்கே, அதிவேக ரயிலில் காபி ஆறுவதற்குள் போய்விடக்கூடிய தூரத்தில் ஹுவா மலை இருக்கிறது. சீனாவின் ஐந்து மகாமலைகளில் மேற்குத் திசைக்கு உரியது. அப்படியே செங்குத்தான வெண்கருங்கல். தெற்குச் சிகரம் ஏறக்குறைய 2,155 மீட்டர். ராத்திரியில் ஏறிக் கிழக்குச் சிகரத்தில் சூரியோதயம் பார்ப்பது இளைஞர்களின் வழக்கம். அலுவலகத்துப் பையன் ஒருவன் என்னையும் கூட்டிப் போனான். டார்ச், வாடகைக்கு எடுத்த பச்சை நிறப் பட்டாளத்துப் பஞ்சுக்கோட்டு, எல்லாம் தயார்.

பள்ளத்தாக்கு வழியாக நடந்து போகும் வரை பிரமாதமாக இருந்தேன், பேசிக்கொண்டே போனேன். பிறகு ஒரு பாறை வந்தது. இங்கேயே மனம் மாறித் திரும்பிவிடலாம் என்ற அர்த்தத்தில் அதன் மேல் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே மலையின் விரிசலுக்குள் 370 படிகள், கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கின்றன. இரு புறமும் இரும்புச் சங்கிலி. அண்ணாந்து பார்த்தால் மேலே ஏறுகிறவர்களின் ஷூ அடிப்பாகம் தெரியும். பெரியவர்கள் எழுதிவைத்ததை மதிக்க வேண்டும் என்பது என் கொள்கை. பையன் மேலே போனான். நான் அடிவாரத்து விடுதியில் தூங்கிவிட்டுக் காலையில் கேபிள் காரில் வடக்குச் சிகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அவன் சூரியனைப் பார்த்துவிட்டு அங்கே வந்து கப் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னை விடவில்லை. கையைப் பிடித்து நீலநாக முகட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

இரண்டு பக்கமும் அதல பாதாளம், நடுவில் படிக்கட்டு. அவ்வளவுதான் முகடு. இப்போது கம்பியும் சங்கிலியும் இருக்கின்றன. தாங் காலத்தில் ஒன்றும் கிடையாது. அந்தக் காலத்தில்தான் ஹான் யூ ஏறியிருக்கிறார். சீன உரைநடையின் மன்னர். புத்தரின் எலும்பை அரண்மனைக்கு எடுத்துவரக் கூடாது என்று 819-இல் பேரரசருக்கே கண்டித்து எழுதி, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நாடுகடத்தப்பட்டவர். அப்பேர்ப்பட்டவர் ஹுவா மலையில் ஏறிய பிறகு இறங்க முடியாமல் கதறி அழுது, இறுதிக் கடிதம் எழுதிக் கீழே போட்டாராம். வட்டார அதிகாரி ஆளனுப்பி எப்படியோ இறக்கியிருக்கிறார். அவர் கடிதம் போட்ட இடம் இதுதான் என்று பாறையில் செதுக்கியே வைத்திருக்கிறார்கள். பேரரசருக்குப் பயப்படாத மனிதர் மேட்டுக்குப் பயந்திருக்கிறார். எனக்கு மேலதிகாரிக்கும் பயம், மேட்டுக்கும் பயம். இருந்தாலும் ஓர் ஆறுதல். படியில் உட்கார்ந்து பையனுக்கு முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தேன். பின்னால் யாரோ இருமினார்கள். தோள்கம்பின் இரு முனையிலும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளைத் தொங்கவிட்டுச் சுமைகாரர் ஒருவர், நான் வழியை விடுவதற்காக நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கல்வெட்டு உண்டு. பிற்காலத்தில் ஜாவோ என்ற நூறு வயதுக் கிழவர் அங்கே வந்து ஹான் யூவை நினைத்துச் சிரித்தாராம். அதையும் செதுக்கிவிட்டார்கள். இந்த ஊரில் ஆறுதல் முழுசாகக் கிடைக்காது.

என் அதிர்ஷ்டம், அதே மலை எனக்கென்றே ஒரு மகானையும் வைத்திருந்தது. பத்தாம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த சென் துவான். தூங்கியே யோகம் செய்தவர். படுத்தால் நூறு நாள் எழுந்திருக்க மாட்டார் என்று கதை. சோங் வம்சத்தின் முதல் பேரரசரோடு சதுரங்கம் ஆடி இந்த மலையையே ஜெயித்தார், அதனால் இதற்கு வரி கிடையாது என்றும் ஒரு கதை. (நுழைவுச் சீட்டு உண்டு. கேபிள் காருக்குத் தனி.) அடிவாரத்து ஜேட் ஊற்றுக் கோயிலில் அவர் கல்லில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் குரு கிடைத்துவிட்டார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன். வலப்பக்கம் ஒருக்களித்து, ஒரு கை தலைக்குக் கீழே, ஒரு கை அடிவயிற்றில். “இதைத்தானே திருவல்லிக்கேணியிலயும் செஞ்சிட்டிருந்தீங்க?” என்றாள் மனைவி. அவளுக்குச் சூட்சுமம் தெரியவில்லை. உடல் உறங்க, உள்ளம் விழித்திருக்க வேண்டும். என் உள்ளம் விழித்திருந்தது, சந்தேகமில்லை. வாடகை ஒப்பந்தம், அனுப்ப மறந்த ஈமெயில், பழனியிலிருந்து வந்துகொண்டிருக்கும் பஞ்சாமிர்தம் கஸ்டம்ஸில் என்ன கதி ஆகுமோ என்பது வரை விழித்திருந்தது. உடல்தான் உறங்க மறுத்தது. விடிய விடியப் புரண்டேன். பிறந்ததிலிருந்து எந்தப் பயிற்சியும் இல்லாமல் எனக்குக் கைவந்த ஒரே கலையும் இப்படி யோகமாக்கப் போய்க் கெட்டது.

தூக்கம் கெட்டதில், விடியற்காலையில் கோட்டைமதில் பூங்காவில் நடக்கிற பழக்கம் வந்தது. மதிலுக்கும் அகழிக்கும் நடுவே கிழவர்கள் பின்னோக்கி நடக்கிறார்கள், மரத்தில் முதுகை மோதிக்கொள்கிறார்கள். ஒரு மூலையில் கறுப்பு ஸ்பீக்கர் ஒன்றின் முன்னால் வயதான பெண்கள் பாடுவான்ஜின் செய்கிறார்கள். எட்டே அசைவுகள். கடைசி அசைவு குதிகாலைத் தூக்கித் தொப்பென்று போடுவது. தலைவிக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். ‘ஆயி’ என்று கூப்பிட வேண்டும், அத்தை முறை. என்னைப் பார்த்து, “தம்பி, பின்வரிசையில் வந்து நில்” என்றார். இது அரசு விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட வடிவம், 1956-இல் தாய்ச்சியை 24 அசைவாகச் சுருக்கியது மாதிரி, என்று நான் ஆரம்பித்தேன். “பேசினால் மூச்சு தப்பும்” என்றார்.

இப்போது பின்வரிசையில் நிற்கிறேன். வில்லை இழுக்கும் அசைவில் இன்னமும் எனக்கு இடது எது, வலது எது என்று குழப்பம்தான். பக்கத்துப் பெண்மணியின் மூக்கில் ஒரு தடவை கை பட்டுவிட்டது. அதற்கப்புறம் என்னை ஓரத்துக்கு மாற்றி ஒரு பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கரை வீட்டுக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவர வேண்டும். இதை எழுதும்போது மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சார்ஜர் ஒயரை ஆபீஸில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். விடிந்ததும் ஆயியிடம் என்ன சொல்வதென்று மனைவியைக் கேட்டால், சித்தப்பாவிடம் சொன்னதையே சொல்லுங்கள் என்கிறாள்.