பாஸ் பார்க்காத இஞ்சின்

ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் இறங்கினாலும் சரி, தலவாக்கலைப் பக்கம் போனாலும் சரி, வழியில் ஒரு கராஜ் இருந்தே தீரும். தகரக் கூரை, ஒயில் குடித்துக் கறுத்த மண் தரை, ஓரத்தில் பழைய டயர், டயருக்குள் ஒரு பூனை. இந்த ராச்சியத்தின் அதிபதிதான் பாஸ். அவருக்கு ஒரு பெயரும் உண்டு, ஆனால் அது அடையாள அட்டைக்கும் ரேஷன் காலத்துக் கதைகளுக்கும் மட்டுமே பயன்படுகிறது. சம்சாரம்கூட அவரைப் பாஸ் என்றுதான் ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்.

பாஸ் வாலிபத்தில் தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்தவர். பிறகு துரையின் லேண்ட் ரோவர், கொழுந்து லொறி, தோட்டத்து டிராக்டர் என்று கை பழகி, சொந்தமாகத் தகரம் போட்டார். என்ன வண்டி வந்தாலும் எழுந்து போகமாட்டார். பிளேன்டீயை உறிஞ்சிக்கொண்டே தூரத்திலிருந்து காதைக் கொடுப்பார். டீ முடியும்போது நோயும் முடிவாகியிருக்கும். "இதெல்லாம் நெறைய பாத்தாச்சு" என்பது அவருடைய தாரக மந்திரம். எதைப் பார்த்தார், எங்கே பார்த்தார் என்று கேட்பது மரியாதை இல்லை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது நாடே தலையில் கைவைத்தது. பாஸ்மார் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்கள். புது வண்டி வராத ஊரில் பழைய வண்டி சாகக்கூடாதே! தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. அதற்குள் பாஸின் கௌரவம் டொக்டரையும் தாண்டிவிட்டது.

அந்தக் கௌரவத்துக்கு வந்த சோதனைதான் மஸ்டா ஆர்எக்ஸ்-8.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் கார் ஓட்டப் பந்தயங்கள் உண்டு. மகாகஸ்தோட்டை மலையேற்றத்தைப் பார்க்கவென்று கொழும்புத் தம்பி ஒருவர் அந்தக் காரில் வந்தார். கினிகத்தேன ஏற்றத்தை ஜோராக ஏறி, ஹட்டனில் டீக்கு நிறுத்தி, திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் இஞ்சின் சுற்றுகிறதே தவிரப் பிடிக்கவில்லை. வயதான ஆர்எக்ஸ்-8 சூட்டில் இப்படி அடம்பிடிப்பதற்குப் பேர்போனது. தம்பிக்கு அது தெரியும். பாஸுக்கு எல்லாமே தெரியும்.

"வால்வு தம்பி. வால்வு எரிஞ்சிருக்கு."

"இதுல வால்வு இல்லீங்கண்ணே."

"அப்ப ஹெட் கேஸ்கட்."

"ஹெட்டும் இல்லீங்க. ரோட்டரி இஞ்சின்."

பாஸ் தன் எடுபிடிப் பையன் கோலயாவைப் பார்த்தார். கோலயா பூனையைப் பார்த்தான்.

"நானும் அதத்தானே சொல்றேன்? அதெல்லாம் இல்லாததால வந்த வருத்தம்தான் இது."

இப்படிப்பட்ட ஆளை நம்பி இஞ்சினைக் கொடுக்கலாமா என்று வாசகர் கேட்பது நியாயம். ஆனால் பாஸின் வாயை வைத்து அவருடைய கையை எடை போடக்கூடாது. அவர் பிளக்கைக் கழற்றினார். இரண்டு அறைக்கு நாலு பிளக் இருந்ததை யாரும் கேட்காதபடி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். துவாரத்தில் கட்டைவிரலை அழுத்தி, கோலயாவை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். புஸ், புஸ், பு... புஸ், புஸ், பு... "மூணுல ஒண்ணு செத்திருக்கு" என்றார். அந்த இஞ்சினுக்குள் ஓடும் ரோட்டருக்கு மூன்று முகம் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

இஞ்சின் கீழே இறங்கியது. ஃப்ளைவீல் நட் 54 மில்லிமீற்றர். அந்த அளவு ஸ்பெனர் கராஜில் இல்லை, பக்கத்து ஸ்டோரில் இரவல் வாங்கி, பைப்பை மாட்டி, ஆளுக்கு ஆள் தொங்கினார்கள். பிறகு நீளமான போல்ட்டுகளை உருவ, இஞ்சின் அடுக்கடுக்காகக் கழன்றது: ஒரு தட்டு, ஒரு கூடு, ஒரு தட்டு, ஒரு கூடு, ஒரு தட்டு. பிஸ்டனைத் தேடிக் கையை விட்ட பாஸ், வயிறு பெருத்த ஒரு முக்கோணத்தை வெளியே எடுத்தார். உள்ளே வேறெதுவும் இல்லை. கனெக்டிங் ரொட் இல்லை, கேம் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. யாரோ நமக்கு முன்னாடியே திருடிவிட்டார்களோ என்று கோலயா சந்தேகப்பட்டான்.

பாஸ் இரண்டாவது பிளேன்டீ கேட்டார். அது நடப்பதே இல்லை.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே முக்கோணத்தைத் தண்டில் மாட்டிச் சுற்றினார். தண்டு மூன்று சுற்று, முக்கோணம் ஒரு சுற்று. அதன் மையம் நடுவில் நிற்காமல் விலகி விலகி வட்டம் போட்டது. திடீரென்று முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம ஸ்டோர் ரோலர்லப்பா!"

கொழுந்தை உருட்டும் ரோலரைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கொழுந்து நிறைந்த கூடு மேசைமேல் கிராங்குகளின் பிடியில் இப்படித்தான் விலகி வட்டம் போடும். ரோலரின் கூடு தானாகச் சுழல்வதில்லை, ரோட்டர் சுழலும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை வைத்தது 1867இல். மஸ்டா தன் முதல் ரோட்டரி காரான கொஸ்மோவை விற்றது சரியாக நூறு வருடம் கழித்து, 1967இல். பீலிக்ஸ் வாங்கெலின் முதல் ரோட்டரி எந்திரம் ஜெர்மனியின் என்எஸ்யூ கம்பனியில் 1957இல் ஓடியது. பாஸின் சரித்திரத்தில் வாங்கெல் யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு தேயிலை ஸ்டோருக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவர்.

அதன் பிறகு கராஜின் தோரணையே மாறியது. ரோட்டரின் மூன்று முனைக்கும் மூன்று சீல், ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய ஸ்பிரிங், மூலைக்கு வேறு, பக்கத்துக்கு வேறு. எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போகவேண்டும். கோலயா முட்டை அட்டை கொண்டுவந்து, குழிக்குழியாக நம்பர் எழுதினான். ஒரு ஸ்பிரிங் துள்ளிப்போனது. எல்லோரும் தரையில் தவழ, பூனை விசாரிக்கப்பட்டது. கடைசியில் பாஸின் சாரத்து மடிப்பில் கிடைத்தது. "நான்தான் பத்திரமா வச்சேன்" என்றார்.

கூட்டின் உள்சுவர் முழுக்கக் கீறல். "ஒயில் பாக்கலியா தம்பி?" என்றார். இந்த இஞ்சின் சீல்களை நனைக்கவென்று வேண்டுமென்றே கொஞ்சம் ஒயில் குடிக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் த்ரீவீலர்காரர் யாரையாவது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். தம்பி பேச்சை மாற்றினார். ஹிரோஷிமாவில் மஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோ குழுவும் இதே மாதிரிக் கீறலோடுதான் மல்லுக்கட்டியதாம். அதற்குப் பேயின் நகக்கீறல் என்றே பெயர் வைத்து, 47 பேர் சேர்ந்து வருடக்கணக்காக மாரடித்து, கார்பன் சீலால்தான் அடக்கினார்களாம்.

"47 பேரா?" பாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க ரெண்டு பேருதான் தம்பி. அதுல ஒருத்தன் இவன்."

சீலுக்கு ஆள் கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போயிருக்கிறார். அங்கே இல்லாவிட்டால் ஜப்பானிலிருந்து வரவேண்டும். தம்பி பஸ்ஸில் கொழும்பு திரும்பினார். பாஸ் மட்டும் சும்மா இருக்கவில்லை. நேற்று ஒரு கொழுந்து லொறி டிரைவர் புகை அதிகமாக வருகிறது என்று நிறுத்தினார். முட்டை அட்டையைக் காட்டி அரைமணி நேரம் வகுப்பு நடந்தது.

"எல்லாஞ் சரிங்க பாஸ், என் லொறிக்கு என்னா?"

"ஒனக்கென்னா, வால்வு இருக்கில்ல? பேசாம ஓட்டு."