பொப்பிங் அத்தான்

பொப்பிங் அத்தான் மீன் பிடிப்பவரல்ல. தடி தெரிவு செய்பவர். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். யாழ்ப்பாணத் தீவகத்துக் கரம்பொனில் பங்கில் வந்த ஒரு வீடும் கிணறும் இருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்ள என்னைப்போல ஒரு மச்சான் வாய்த்திருப்பான். சீலா, கட்டா, விளைமீன் எல்லாம் அவர் கணக்கில் வெறும் கறி. மீன் என்றால் பாரைதான். அதுவும் சந்தையில் கிடக்கிற பாரை அல்ல. 2006இல் ஜப்பானின் தொக்காரா தீவுகளில் 72.8 கிலோ நிறையோடு பிடிபட்டு உலக சாதனையான இனத்துப் பாரை. அதன் தம்பி ஒருவன் நெடுந்தீவுக்கு மேற்கே தனக்காகக் காத்துக் கிடக்கிறான் என்பது அத்தானின் நம்பிக்கை. கிடக்கட்டும். தடி இன்னும் முடிவாகவில்லை.

ரொறன்ரோவில் பின்னேரம் நாலு மணிக்கு அவருக்குத் தடி ஞாபகம் வரும். இங்கே அப்போது சாமம் ஒன்றரை.

"தம்பி, படுத்திட்டீரோ?"

"ஓம் அத்தான்."

"அப்ப ஆறுதலாக் கதைக்கலாம்."

7 அடி 6 அங்குலமா, 8 அடி 2 அங்குலமா என்பதுதான் கதை. நீளத் தடி பொப்பர் என்கிற பொய் இரையைத் தூர எறியும். மீன் வள்ளத்தைக் கண்டு மிரளாது. ஆனால் மீன் கொழுவிய பிறகு அந்த நீளம் மீனின் கட்சிக்கு மாறிவிடும். பிடித்து நிற்பவரின் நாரிதான் முறியும். கட்டைத் தடி நாரியைக் காப்பாற்றும், எறி குறையும். பிறகு நூல். ஜப்பான்காரர் பின்னல் நூலின் தடிப்புக்கு பீ.ஈ. என்று இலக்கம் வைத்திருக்கிறார்கள். எட்டாம் இலக்கம் எண்பது, நூறு இறாத்தல் தாங்கும். பத்தாம் இலக்கம் இன்னும் கூட. எதற்கேற்ற தடி? பிறகு நுனி. வாய் குழிந்த 150 கிராம் பொப்பரை வெடுக்கென்று இழுத்துத் தண்ணீரில் 'பொளக்' என்று சத்தம் எழுப்பினால்தான் பாரைக்கு ஆத்திரம் வரும். நுனி விறைத்திருந்தால் எறி பிழைக்கும், மெத்தென்று இருந்தால் 'பொளக்' வராது. எங்கள் கரம்பொன், தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த ஊர். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்க முன்னின்றவர் 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டையே கூட்டிவிட்டார். அதே மண்ணில் வந்த அத்தானின் ஆராய்ச்சி வருடக்கணக்காக அந்த எட்டு அங்குலத்துக்குள்ளேயே நிற்கிறது.

போனில் கதைப்பதோடு நின்றால் பொறுக்கலாம். ஆடி ஆவணியில் ஆளே வந்து இறங்குவார், இரண்டு தடியோடு. பரிசோதனை எங்கள் வளவில் நடக்கும்.

"தம்பி, நீர்தான் பாரை."

என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று கேட்டேன். "நீர் எழுபத்திரண்டு கிலோவுக்குக் கிட்ட நிக்கிறீர்" என்றார். நூலின் முனையை என் இடுப்பில் கட்டுவார். மாட்டுக்கொட்டில்தான் கடலடிப் பாறை. கொழுவிய பாரை பாறைக்குள் ஓடி நூலை அறுக்கப் பார்க்குமாம். முதல் ஓட்டத்திலேயே மறிக்க வேண்டுமாம். "ஓடும்! கொட்டிலுக்கை ஓடும்!" என்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அவர் றீலை இறுக்குவார். தடியை மேலே தூக்கிப் பிடித்தால் நுனிப்பக்கம் காபன் முறியும், 45 பாகையைத் தாண்டக்கூடாது என்பதால் அக்கா பிள்ளையின் பாகைமானியோடு பக்கத்தில் நின்று அளப்பா. ஒழுங்கையில் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். மாடு மட்டும் ஒன்றும் கேளாது.

முடிவில் நான் மண்ணில் குந்தியிருக்க, அத்தான் தடியைத் தடவிக்கொண்டு சொல்வார்: "நுனி கொஞ்சம் மெத்தெண்டு கிடக்கு. வேறை பாப்பம்."

கடலுக்கா? அவர் வருகிற மாதங்களில் சோளகம் விசிறி அடிக்கும். நெடுந்தீவுக்கு அப்பால் ஆர் சின்ன வள்ளம் விடுவான்? "பங்குனியிலை வாங்கோ, கடல் அடங்கியிருக்கும்" என்பார்கள் தொழிலாளிகள். பங்குனியில் அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆகவே தடி ஊர்காவற்துறைத் துறைமுகம் மட்டும் போய், ஹம்மன்ஹீல் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும். அங்கே விரலில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலகையில் சுற்றிய தங்கூசியோடு இருந்த பெரியவர் ஒருவர் தடியை வாங்கி நிறை பார்த்தார்.

"இதாலை மீனுக்கு அடிக்கிறதோ தம்பி?"

அத்தான் விளக்கத் தொடங்கினார். பெரியவர் தலையாட்டிக்கொண்டே இரண்டு விளைமீனை ஏற்றிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சோளகம் எப்போது விழும், கொண்டல் எழும்பினால் எங்கள் கரையில் என்ன மீன் படும் என்று திண்ணையில் இருந்தபடி அத்தான் சொல்வார். அத்தனையும் சரியாக இருக்கும். சின்ன வயதில் கரையில் திரிந்து படித்தது. அந்தக் கதைக்குள் ஒரு தடியும் வராது. அந்த வேளையில் மனிதர் பிடித்துப்போகிறார்.

ஆனால் போகும்போது தடிகளை விட்டுவிட்டுப் போகிறார். ஒற்றைத் துண்டுத் தடியைத் திரும்பவும் விமானத்தில் ஏற்றுவது கரைச்சல்; கைப்பிடி கழலும் தடி பொருத்துவாயில் முறிந்துவிடும் என்று அதை நம்பமாட்டார்; ஆகவே இரண்டு சாதியும் என் அறைக்குள் கிடக்கின்றன. கூடவே ஆயிரம் டொலர் தாண்டிய றீல்கள். அவற்றை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமாம். எங்கள் கிணறு உவர். அவர் பங்குக் கிணறும் உவர். குடிக்கிற தண்ணீரையே பவுசரில் வாங்கி வாளிக்கணக்குப் பார்க்கிற வீட்டில், கடலையே காணாத றீலுக்கு முழுக்கு. "இது கடலுக்கே போகேல்லையே அத்தான்" என்றால், "காத்திலையே உப்பு இருக்குத் தம்பி" என்கிறார்.

அத்தான், இது உங்கள் கண்ணிலும் படட்டும். 7 அடி 6 அங்குலமோ, 8 அடி 2 அங்குலமோ, விரும்பினதை வாங்குங்கோ. தண்ணிக் காசை மாதாமாதம் அனுப்புங்கோ.