இரண்டு முறை விடிந்த பயணம்

கேள்வி: உலகிலேயே மிக நீளமான விமானப் பயணம் எது? உட்கார்ந்தே போனால் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

பதில்: தூரக் கணக்கில் சிங்கப்பூர் – நியூயார்க் கென்னடி. சுமார் 15,300 கி.மீ.; எங்கும் இறங்காமல் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். இடுப்புக் கவலைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வழி செய்திருக்கிறது: அந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது, மொத்தமே 161 இருக்கைகள். எடை குறைந்தால்தானே அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் தாங்கும்? (இடுப்பு தப்பும், பர்ஸ் தப்பாது.)

பறக்கும் நேரம் காற்றின் கையில். நியூயார்க்–லண்டன் வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2020 பிப்ரவரியில் பின்னாலிருந்து பலத்த காற்று தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் போய் இறங்கிவிட்டது.

ஆனால், நேரத்தில் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது ஒரு பழைய வழி. இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழ, ஆஸ்திரேலியா–பிரிட்டன் வான்வழி அறுந்தது. 1943இல் குவான்டாஸ், பெர்த்திலிருந்து இலங்கையில் காலிக்கு அருகேயுள்ள கொக்கல ஏரிக்கு ‘கேட்டலினா’ நீர்விமானங்களை விட்டது. தூரம் சிங்கப்பூர்–நியூயார்க்கில் பாதிகூட இல்லை. பிடித்ததோ 27 முதல் 33 மணி நேரம்! எரிபொருள் சுமை போக, பயணிகள் மூன்றே பேர். எதிரி ஒட்டுக்கேட்பான் என்று ரேடியோ மௌனம். நட்சத்திரம் பார்த்துத்தான் திசை. வழியில் சூரியன் இரண்டு முறை உதித்ததால், ‘இரட்டைச் சூரியோதய ரகசிய சங்க’ உறுப்பினர் என்று பயணிகளுக்குச் சான்றிதழே கொடுத்தார்கள்.