மாமாவின் வயிறும் மதராஸின் வரலாறும்

சென்னையில் யாருக்கும் தெரியாத இடம் என்று எதுவும் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்தும் யாரும் போகாத இடங்கள்தான் உண்டு. "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்று தினமும் டிக்கெட் வாங்குகிறவரிடம் அங்கே என்ன ஐஸ் என்று கேட்டுப் பாருங்கள். "அது ஸ்டாப்பிங் பேரு சார்" என்பார். நாங்கள் சென்னைவாசிகள் ஊரை பஸ் நிறுத்தங்களாக மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். சுற்றிப் பார்ப்பது வெளியூர்க்காரர் வேலை. கூட்டிக்கொண்டு போவது எங்கள் தலையெழுத்து.

வெளியூர்க்காரரும் கையில் பட்டியலோடுதான் ரயில் ஏறுவார். மெரினா, தி.நகர், வண்டலூர். தாத்தா காலத்துப் பட்டியலில் பேரன் சேர்த்தது மெட்ரோவில் ஒரு ரவுண்டு மட்டும்தான். இந்த இடங்களில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்வதற்காக ஏற்பட்ட இடங்கள் அவை.

இந்த வழக்கத்தை உடைத்தவர் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த என் தாய்மாமா. பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பார். எந்தத் தெருவில் நுழைந்தாலும் மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். வந்து இறங்கிய காலையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மாப்ளே, கடலை திருச்செந்தூர்லயே பாத்தாச்சு. புலி பாக்கணும்னா முண்டந்துறை எங்க வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. நீ வேற ஏதாச்சும் காட்டு. ஆனா ஒண்ணு, ரெண்டு மணி நேரத்துக்கு மேல எனக்குப் பசி தாங்காது, கேட்டியா?"

அத்தை மட்டும் ஒரு சீட்டு கொடுத்தனுப்பியிருந்தார். தி.நகர், பட்டுச்சேலை, மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர் என்று எழுதியிருந்தது. மாமா அதைப் பயபக்தியோடு வாசித்து, சட்டைப்பையில் வைத்துப் பட்டனையும் போட்டார். அந்தப் பட்டன் ஊர் திரும்பும் வரை அவிழவேயில்லை.

ரெண்டு மணி நேரக் கெடுவை வைத்து நான் ஒரு திட்டம் போட்டேன். ஒரு சாப்பாடு, ஒரு வரலாறு, மறுபடி ஒரு சாப்பாடு. சாப்பாட்டில் தொடங்கினால் வரலாறு தானாக இறங்கும் என்பது என் கணக்கு.

முதல் நாள் காலை மயிலாப்பூர். கபாலி கோயிலுக்குப் பக்கத்தில் பொன்னம்பல வாத்தியார் தெருவில் இருக்கிறது ஜன்னல் கடை. மேஜை நாற்காலி கிடையாது. ஒரு பழைய வீடு, அதில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான் ஓட்டல். காசு உள்ளே போகும், பொங்கல் வெளியே வரும். வாங்கியதைத் தெருவிலேயே நின்று சாப்பிட வேண்டும். தட்டைப் பிடிக்க ஒரு கை, சாப்பிட ஒரு கை. பின்னால் ஹார்ன் அடிக்கும் ஸ்கூட்டர்காரருக்குச் சைகையில் பதில் சொல்ல மூன்றாவது கையை ஆண்டவன் தரவில்லை. மாமா சட்னியை வழித்துவிட்டு, வழக்கம்போல் சுவரைத் தட்டினார். "சுண்ணாம்புக் காரை. அதான் பொங்கல் இப்படி இருக்கு" என்று சான்றிதழ் வழங்கினார். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவில்லை. கேட்டால் விளக்குவார்.

அங்கிருந்து திருமயிலை நிலையம் போய்ப் பறக்கும் ரயில். 1997-இல் ரயில் வந்த இந்த நிலையத்தின் பிரம்மாண்டத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம். கட்டும்போது ஊரே ஏறும் என்று நினைத்திருக்கிறார்கள். புறாக்கள்தான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. மாமா அண்ணாந்து பார்த்தபடி நின்றார். "என்னடே இது! ஒரு தாலுகா ஆபீசையே உள்ள வைக்கலாமே. எஸ்டிமேட் போட்டவனைப் பாக்கணும்." பக்கிங்காம் கால்வாயை ஒட்டி, சேப்பாக்கம் மைதானத்தின் முதுகைக் காட்டிக்கொண்டு ரயில் போகிறது. சென்னையைப் பின்பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கடற்கரை நிலையத்தில் இறங்கி நடந்தால் பாரிமுனை. உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு போட்ட இடம் என்கிறது அது. உலகப் போரே வந்து தட்டிய சுவரை மாமாவும் ஒருமுறை தட்டினார். "இப்பவும் ஸ்ட்ராங்காத்தான் இருக்கு."

அடுத்து ஆர்மீனியன் தெரு. செவ்வாய்க்கிழமையானால் இந்தத் தெருவில் அந்தோணியார் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் நுழைய முடியாது. சில கட்டடங்கள் தள்ளி 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. அங்கே எந்தக் கிழமையும் கூட்டமில்லை. பட்டு, ரத்தினம் என்று வியாபாரம் செய்ய வந்த ஆர்மீனியர்கள் ஒரு காலத்தில் இந்த ஊரின் பெரும் பணக்காரர்கள். இன்று ஆள் இல்லை, கோயில் இருக்கிறது. கதவைத் தாண்டியதும் தெருச் சத்தம் நின்றுவிடுகிறது. தரையில் வரிசையாகக் கல்லறைக் கற்கள், புரியாத எழுத்துகள், ஓரத்தில் பெருங்கள்ளி மரங்கள். மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவற்றை அடிப்பது வழக்கம்.

"யாரைக் கூப்பிட அடிக்காவ?" என்றார் மாமா. அதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

இங்கே அடக்கமாகியிருக்கும் பாதிரியார் ஷ்மாவோனியன்தான் உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை நடத்தியவர். பெயர் அஸ்தரார். 1794-இல் தொடங்கியது ஆர்மீனியாவில் அல்ல, நம் மதராஸில். மாமா கல்லறை முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "எத்தனை வருஷம் நடத்துனாரு?"

"1796 வரைக்கும் மாமா."

"ரெண்டே வருஷமா? சந்தா வசூல் ஆகியிருக்காது. பாவம், பத்திரிகைக்காரங்க பாடு அன்னைக்கும் இதான் போல."

மதியத்துக்கு மேல் சவுகார்பேட்டை, மின்ட் தெரு. கூகுள் மேப் "நேராகச் செல்லவும்" என்றது. நேராக ஒரு பசு படுத்திருந்தது. இங்கே மேப்பை நம்பக்கூடாது, நெய் வாசனையைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். சாலையோரத்தில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். ரொட்டி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்ட முறுக்கு, நடுவே வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. கேட்டால் சீஸும் துருவுவார்கள். மாமாவுக்கு முதலில் கோபம் வந்துவிட்டது. மணப்பாறைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றார். முதல் கடியில் வாய்க்குள் நடந்த நொறுங்கலில் சட்னி சட்டையில் தெறித்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இன்னொன்று சொன்னார்.

பொழுது சாய்ந்ததும் மறுபடி கடற்கரை நிலையம் பக்கம், செகண்ட் லைன் பீச் ரோடு. இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த தெருமுனை இது. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடையும் சொத்தும் பறிபோக, லட்சக்கணக்கான இந்தியர்கள் அடுத்து வந்த ஆண்டுகளில் கப்பலேறித் திரும்பினார்கள். நகையைக் கொண்டுவர முடியவில்லை, நாக்கைக் கொண்டு வந்துவிட்டார்கள். அதன் பெயர் அத்தோ.

தள்ளுவண்டியில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் ஒரு பிடியைப் போட்டு, மேலே முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர், எண்ணெய் எல்லாவற்றையும் அளவு பார்க்காமல் எறிவார். பேஜோ என்ற மொறுமொறு வடையை உள்ளங்கையில் நொறுக்கித் தூவுவார். பிறகு கையாலேயே ஒரு பிசை. வளர்ந்த பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் தேய்க்கும் அம்மாவின் கை மாதிரி, அன்பும் கிடையாது, அவசரமும் குறையாது. தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். கூடவே வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயத்தையும் புளிக்கரைசலையும் வயிற்றில் அடைத்துத் தருவார்கள். அதைக் கடிக்கக் கூடாது, அப்படியே வாயில் போட வேண்டும்.

மாமா அப்படியே போட்டார். கண் கலங்கியது. காரமா, பரவசமா என்று கேட்க அப்போது அவருக்கு வாய் காலியில்லை. பிறகு கடைக்காரரிடம், "ஏம்பா, அம்பாசமுத்திரத்துல ஒரு கடை போடுதியா? இடம் நான் தாரேன்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கிண்ணத்தைப் பிசைந்தார்.

மறுநாள் ஐஸ் ஹவுஸ். மெரினாவைப் பார்த்து நிற்கும் அந்த வட்ட முகப்புக் கட்டடம்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842-இல் அதைக் கட்டியது ஐஸ் வைக்க. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் குளிர்காலத்தில் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளுக்குள் பொதிந்து, கப்பலில் ஏற்றி, மதராஸ் வெயிலில் இறக்கி விற்றார் ஃப்ரெடெரிக் டூடர் என்ற வியாபாரி. இங்கேயே ஐஸ் தயாரிக்க முடிந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கியதில் கட்டடத்துக்குப் புண்ணியம் கிடைத்தது. மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வழியில கரைஞ்சது யார் கணக்குல?" என்றார். அரசாங்க உத்தியோகம் ஆளை விட்டாலும் ஆடிட் விடாது.

பக்கத்திலேயே திருவல்லிக்கேணி காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாடு. மேன்ஷன்களில் தங்கி வேலை தேடிய தலைமுறைகளை இந்த மாதிரி மெஸ்கள்தான் வளர்த்தன. சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் அந்த வெள்ளை வளைவு. எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். 1930-இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர் விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது என்று மாமா அங்கிருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு விளக்கினார். என்னிடம் கேட்டு அப்போது பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மாமா ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் அத்தை போன் செய்தார். "உங்க மாமா மெட்ராஸுக்குத்தான் வந்தாரா? தி.நகர் பையும் இல்லை, மெரினா போட்டோவும் இல்லை. ஏதோ கல்லறைக்குப் போனேங்காரு, பர்மாக்காரன் கடையில முட்டை தின்னேங்காரு. எனக்கு ஒண்ணும் சரியாப் படல." சாட்சிக்கு என்னை நம்புகிற மாதிரியும் தெரியவில்லை. அடுத்த மாதம் தானே நேரில் வந்து சேலை எடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, போனை மாமாவிடம் கொடுத்தார்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அத்தை அடுப்படிக்குப் போகும் வரை காத்திருந்தார் போல. பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "மாப்ளே, அவளை நீ தி.நகருக்குக் கூட்டிட்டுப் போயிரு. நான் பீச் ஸ்டேஷன்ல எறங்கிக்கிடுதேன்."