மில் சங்கும் சிவப்புக் கடிகாரமும்

எழுபதுகளில் மதுரையில் நான் படித்த காலத்தில் எனக்கு ஏடிஹெச்டி கிடையாது. துறுதுறுப்பு இருந்தது, ஞாபகமறதி இருந்தது, வாத்தியாருக்கு வாத்தியார் மாறுகிற பட்டப்பெயர்கள் இருந்தன. அவற்றை அச்சில் போட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் கையேட்டில் கவனக்குறைவை முன்னிறுத்தி இதற்குப் பெயர் வைத்ததே 1980-இல்தான். கொஞ்சம் முன்னால் வைத்திருந்தால் என் காது பிழைத்திருக்கும்.

இப்போது சென்னையில், மகள் வீட்டில், பேரனுக்கு முறைப்படி ஏடிஹெச்டி. "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி உண்டா?" என்று டாக்டரம்மா கேட்டார். இது பெரும்பாலும் ரத்தவழியில் வருவது என்பதால் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். மகளும் மருமகனும் சொல்லிவைத்தாற்போல் என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்போது வாசலில் யாரோ ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேனாம்.

புத்தியில் குறைவில்லை என்றார் டாக்டர். திட்டமிடுவது, தொடங்குவது, பாதியில் விடாமல் முடிப்பது, ஆசையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்வது ஆகிய நிர்வாக வேலைகளைப் பார்க்கிற மூளைப் பகுதிதான் மெதுவாக முதிர்கிறது. 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஸ்கேன் ஆய்வில், மூளையின் மேலுறை உச்சத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஏழரை, இவர்களுக்குப் பத்தரை. நெற்றிப் பக்கத்தில்தான் தாமதம் அதிகம். மூன்று வருடம்தானா என்று கேட்டிருப்பார் அப்பா. அவர் கணக்கில் நான் இன்னும் வந்து சேரவில்லை.

அப்பாவிடம் இதற்கு மூன்று வைத்தியங்கள் இருந்தன. முதலாவது வல்லாரைத் துவையல். அது நினைவாற்றலைப் பெருக்குமாம். எனக்குப் பெருகியது துவையல் மீதான வெறுப்பு. இரண்டாவது, "நீ மாடு மேய்க்கத்தாண்டா லாயக்கு" என்ற தீர்ப்பு. மாடு வைத்திருந்தவன் எவனும் என்னை நம்பி ஒரு கன்றுக்குட்டியைக்கூட விட்டிருக்க மாட்டான். மூன்றாவது சைக்கிள். முழுப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் உண்டு. அதை அவர் சொன்னது ஜூன் மாதம். பரீட்சை அடுத்த ஏப்ரலில். நாளை மறுநாளே தூரதேசமாகத் தெரிகிற பையனுக்கு அந்த ஏப்ரல் எந்தக் கண்டத்தில் இருக்கிறது?

அப்பத்தாவின் வழி வேறு. கடைக்கு அனுப்பும்போது என் துண்டின் ஒரு மூலையில் காசைப் போட்டு முடிவாள். எதிர் மூலையில் வெறும் முடிச்சு ஒன்று. "காசு முடிச்சப் பாத்தா பருப்பு ஞாபகம் வரணும், வெறும் முடிச்சப் பாத்தா புளி. போடா ராசா." முடிச்சு போடாத நாளில் பருப்பு வரும், புளி வராது, சில நாள் நானே வரமாட்டேன். என் தலைக்குள் நிற்காததைத் துண்டில் நிறுத்திய அவளை வீட்டில் யாரும் தெரபிஸ்ட் என்று அழைக்கவில்லை, ஃபீஸும் கொடுக்கவில்லை.

நேரத்தைச் சொல்ல ஊரே இருந்தது. ஹார்வி மில் சங்கு ஊதினால் எழுந்திருக்க வேண்டும். டீக்கடை ரேடியோவில் சரோஜ் நாராயண்சுவாமி செய்தி வாசித்தால் குளித்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அக்கா ரிப்பனோடு வெளியே வந்தால் ஓட வேண்டும். பையும் ஒன்று, சட்டையும் அநேகமாக ஒன்று. ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி எனக்கு அதிகம் கொடுக்கப்படவில்லை. அதையும் மறந்தேன் என்பது தனிக் கதை.

பேரனுக்குச் செவ்வாய் ஓவியம், வியாழன் வெள்ளை ஷூ, நடுவில் ஒரு ப்ராஜெக்ட். சங்கு, ரேடியோ, எதிர்வீட்டு அக்கா, அப்பத்தா எல்லாருடைய உத்தியோகத்தையும் என் மகள் ஒருத்தி பார்க்கிறாள், ஆபீஸ் போய்க்கொண்டே. குளியலறைக் கதவில் பல், குளியல், யூனிஃபார்ம் என்று படம் ஒட்டிய அட்டை. பை ராத்திரியே கட்டப்பட்டு வாசல் கொக்கியில் தொங்குகிறது. மேஜையில் ஒரு கடிகாரம். போன நேரத்தைக் காட்டாது, மிச்ச நேரத்தைச் சிவப்பு வட்டமாகக் காட்டும், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதன் விலையை விசாரித்தபோது எனக்குக் கொஞ்சம் மயக்கம் வந்தது. ஆனால் வேலை செய்கிறது.

சமையலறையிலிருந்து கத்துவதை அவள் விட்டுவிட்டாள். பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரே ஒரு வேலையைச் சொல்கிறாள். செய்த மறுநிமிடம் ஸ்டார். ஏப்ரல் வரை காத்திருப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல காலமாகச் சொல்லிவருவதும் இதுதான்: உதவி, காரியம் நடக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும். சாயங்காலம் நடத்துகிற அறிவுரை மாநாடு காலையில் சாக்ஸைத் தேடித் தராது. மாத்திரையும் உண்டு. அதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர் ஒருவர் வல்லாரை வாங்கிக்கொண்டு வந்தார். விருந்தோம்பலில் குறை வைக்கவில்லை; துவையல் அரைத்து அவருக்கே பரிமாறினோம்.

கொஞ்ச நாளாக மகள் "ஷூ போடு" என்பதில்லை. "அடுத்து என்ன?" என்று மட்டும் கேட்கிறாள். அவன் அட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்கிறான். ஒரு மாதம் முன்பு, பழைய படங்கள் குழந்தைத்தனமாக இருக்கின்றன என்று கிழித்துவிட்டுத் தானே ஒரு புது அட்டை வரைந்தான். அதில் குளியல் விடுபட்டிருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் சேர்க்கப்பட்டது.

அதற்குக் கீழேயே இப்போது எனக்கும் ஓர் அட்டை: பி.பி. மாத்திரை, கண்ணாடி, வீட்டுச் சாவி. டிக் அடித்திருக்கிறேனா என்று பேரன் சரிபார்க்கிறான். மிகவும் கறாரான ஆள். பத்து ஸ்டார் சேர்ந்தால் அவனுக்கு அரைமணி கூடுதல் கிரிக்கெட். எனக்குச் சர்க்கரை போட்ட காபி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். மகள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.