படகுக் குளியல் சுவர்: பரபக்கமும் சுபக்கமும்

இங்கிலாந்தின் கால்வாய்களில் மிதக்கும் வீடாகப் பயன்படும் நேரோபோட் என்ற ஒடுங்கிய எஃகுப் படகில், ஷவர் சுவருக்கு மலிவாக எதை ஒட்டுவது என்னும் கேள்வியைத் தத்துவ உலகம் இதுவரை பொருட்படுத்தவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். நிதியுதவி செய்தவர் எவருமில்லை.

முதலில் களம். 1766-இல் வேலை தொடங்கிய டிரென்ட்–மெர்ஸி கால்வாயில், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் பெரும்பாலான லாக்குகளை, அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்பு அறைகளை, ஏறத்தாழ 7 அடி அகலத்தில் வகுத்தார். அவற்றுக்குள் புக வேண்டிய படகு 6 அடி 10 அங்குலத்தைத் தாண்ட முடியாது. சிக்கனம் கருதி அவர் எடுத்த முடிவால், 250 ஆண்டு கழித்தும் முழங்கை சுவரில் இடிக்காமல் தலைக்கு ஷாம்பு போட முடிவதில்லை. பழைய சரக்குப் படகுக் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. சுமார் 10 அடி நீள அறைக்குள் பெற்றோரும் பிள்ளைகளுமாக வாழ்ந்தார்கள். ரோஜாவும் கோட்டையும் வரைந்த கைப்பிடிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து முகம் கழுவினார்கள். ஷவரே இல்லாதவருக்கு ஷவர் சுவர் எதற்கு? ஆகவே இத்துறையில் முன்னோர் உரை ஏதும் கிடைக்கவில்லை.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலில் பிறர் கொள்கையை மறுக்கப் பரபக்கம், தம் கொள்கையை நிறுவச் சுபக்கம் என இரு பகுதி வைத்தார். ஷவர் சுவருக்கும் அந்த முறை போதும்.

பரபக்கத்தில் முதலில் வருபவர் டைல்ஸ்வாதி. வீட்டுக் குளியலறைக்கு எதுவோ படகுக்கும் அதுவே என்பது இவர் சித்தாந்தம். கணக்குப் போடுவோம். மூன்று பக்கம் சுவர், சுமார் 4 சதுர மீட்டர். 8 மி.மீ. தடிப்புள்ள பீங்கான் டைல்ஸும் அதை ஒட்டும் பசையும் சேர்ந்தால் 80 கிலோவை நெருங்கும். ஓர் ஆள், துணிமணியோடு, குளிக்காமல், இரவும் பகலும் ஷவரிலேயே நிற்பதற்குச் சமம். படகு அந்தப் பக்கம் சாயும். சாய்வை நிமிர்த்த எதிர்ப்பக்கத் தரைக்கடியில் செங்கல் அடுக்க வேண்டும். இதோடு விட்டதா? லாக் சுவரில் படகு ஒவ்வொரு முறை இடிக்கும்போதும், எஞ்சின் அதிரும்போதும், டைல்ஸ் இடுக்கில் பூசிய கலவையில் மயிரிழை விரிசல் விழும். நெகிழும் பசை கிடைக்கிறதே என்று டைல்ஸ்வாதி வாதிடுவார். கிடைக்கிறது, அதன் விலையைச் சொல்லும்போதுதான் அவர் குரல் தணிகிறது.

அடுத்தவர் லேமினேட்வாதி. மின்சாதனங்களில் காப்புக்குப் பயன்பட்ட மைக்காவுக்கு மாற்றாக 1912-இல் அமெரிக்காவில் உருவான பார்மிகாவின் வம்சம் இவருடையது. முகப்பில் குறை சொல்ல முடியாது. விளிம்பில்தான் வினை. அறுத்த ஓரம் வழியாகத் தண்ணீர் பிளைவுட்டில் ஏறினால் பலகை உள்ளுக்குள் ஊதும். வெளியே தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். அக்ரிலிக்வாதியின் கண்ணாடிப் பளபளப்புக்கு மயங்கலாம், ஆனால் திருகு போடும் துளையிலிருந்து கீறல் ஓடும். நல்ல பெயிண்ட் அடித்தாலே போதும் என்பாரும் உளர். அவரோடு வாதிக்கத் தேவையில்லை. ஒரு குளிர்காலம் காத்திருந்தால் பூசணமே பதில் சொல்லும்.

இங்கே ஓர் இடைப்பிறவரல். வீட்டுக் கொத்தனார் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் படகுக்குள் எடுத்து வருவார். இரண்டும் அங்கே பயனற்றவை. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் ஒரு சாய்வு, காலியானால் வேறொரு சாய்வு. போதாததற்கு, படகின் பக்கச் சுவர்களே மேலே போகப் போக உட்புறம் சரிந்தவை. தரையை ஆதாரமாகக் கொண்டு மூலைமட்டத்தால் அளப்பதே நெறி. பூமியின் ஈர்ப்பு விசையை இவ்விஷயத்தில் நம்பக் கூடாது.

இனிச் சுபக்கம். நம் சித்தாந்தம் இது: தண்ணீர் பலகை வழியாகப் போவதில்லை, மூட்டு வழியாகப் போகிறது. ஆகவே மூட்டு குறைந்த பொருளே உயர்ந்த பொருள். அடுக்குமாடியில் ஒழுகினால் கீழ்வீட்டுக்காரர் அன்றே கதவைத் தட்டுவார். படகில் கீழ்வீடு இல்லை. ஒழுகிய நீர் அடித்தளத்தில் தேங்கி, பெரும்பாலும் 10 மி.மீ. தடிப்புள்ள எஃகுத் தகட்டை உள்ளிருந்தே சத்தமின்றித் துருப்பிடிக்க வைக்கும். ஷவர் தட்டு பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், குளித்த தண்ணீரே பம்ப் வைத்து இறைத்தால்தான் வெளியேறும். ஒழுகியது தானாகப் போய்விடும் என்று எண்ணுவது வீண்.

இந்த அளவுகோலில் தேறுவது இறைச்சிக் கடைகளிலும் உணவகச் சமையலறைகளிலும் சுவரில் ஒட்டும் 2.5 மி.மீ. பிவிசி தகடு. 8 அடிக்கு 4 அடி. குறுகிய கதவுக்குள் தளர்வாகச் சுருட்டி நுழைக்கலாம் (குளிர்நாளில் வேண்டாம், வெடிக்கும்). சரிந்த சுவருக்கு வளைந்து கொடுக்கும். சூடுகாட்டி மூலையில் மடக்கினால் அங்கே மூட்டே இராது. பார்க்க மருத்துவமனை போலிருக்கிறதே என்று வீட்டில் கேட்பார்கள். அந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஒன்றோடொன்று கோக்கும் பிவிசி பலகைகள் அழகானவை, இலேசானவை. ஆனால் கோர்வைக்குக் கோர்வை ஒரு மூட்டு என்பதால் இரண்டாமிடம்தான்.

விறகடுப்பின் பக்கத்தில் இரண்டுமே ஆகாது; 60 டிகிரிக்கு மேல் சூடேறினால் பிவிசி இளகும். மேலும், 2 மீட்டர் தகடு 30 டிகிரி வெப்பமாற்றத்தில் 3 முதல் 4 மி.மீ. வரை நீளும். ஓரத்தில் அந்த இடம் விட்டு, பூசணம் பிடிக்காத நல்ல சிலிக்கானால் நிரப்புங்கள். தகட்டில் மிச்சம் பிடித்த காசையெல்லாம் சிலிக்கானில் போடலாம். பழைய சிலிக்கானைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்த பிறகே புதியது பூசுங்கள். பழையதன்மேல் புதியது ஒட்டாது. பூசியபின் 24 மணி நேரம் ஷவரைத் திறக்காதீர்கள். தட்டுக்குப் பக்கத்தில் திறந்து பார்க்க ஒரு சிறு மூடி வைத்து, மாதம் ஒரு முறையாவது டார்ச் அடித்து அடித்தகடு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.