புரொபஷனலாக்குதல்: தில்லியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

"இதைக் கொஞ்சம் புரொபஷனலாப் பண்ணுங்க" என்று சொல்லாத மேலதிகாரி இல்லை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எந்த அறிஞரும் இதுவரை அளந்து சொல்லவில்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

களம் தில்லி. தொழிலுக்கு முத்திரை குத்தும் அலுவலகங்கள் இங்கே மலிந்திருப்பதே காரணம். இந்திரப்பிரஸ்த மார்க்கில் பட்டயக் கணக்காளர் கழகம் இருக்கிறது. அதைத் தோற்றுவித்த 1949ஆம் ஆண்டுச் சட்டம், எதெல்லாம் புரொபஷனலுக்கு அழகல்ல என்று அட்டவணை போட்டு அடுக்குகிறது. எது அழகு என்பதை ஆய்வாளனுக்கு விட்டுவைத்த பெருந்தன்மைக்கு நன்றி. இனி வகைப்பாடு.

அ. விசிட்டிங் கார்டால் ஆவது. வெளிப்படை.

ஆ. 'சொல்யூஷன்ஸ்' என்ற விகுதியால் ஆவது. நேரு பிளேஸ் லேப்டாப் ரிப்பேர்க் கடைகளில் பயின்று வரும். சொல்லதிகாரத்தில் தொல்காப்பியர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை, சேனாவரையரும் கண்டுகொள்ளவில்லை.

இ. கழுத்து நாடாவால் ஆவது. இதுவே தலையாயது. காலையில் ராஜீவ் சௌக் மெட்ரோவில் நின்று நோக்குக. ஐடி கார்டு சட்டைக்கு மேல் ஆடினால், வேலைக்குப் புதிது. பைக்குள் சொருகியிருந்தால், பழம் தின்று கொட்டை போட்டவர். நாடாவே இல்லையென்றால் முதலாளி. அல்லது வேலை போனவர். இவ்விருவரைப் பிரித்தறிவதில்தான் பெரும் பூசல். முனிர்க்கா டீக்கடைப் பள்ளியார் 'செருப்பைப் பார்' என்பர் (காலைப் பாடம், இரண்டாம் கிளாஸ்). கரோல் பாக் பள்ளியார் 'முகத்தைப் பார்' என்பர் (மாலைப் பாடம், மெதுவடை தீர்ந்த பின்). இரண்டையும் மறுத்து, 'பாக்கியைப் பார்' என்று முடிவு கூறியவர் ஆர்.கே.புரம் இஸ்திரிக்காரர் (கணக்கு நோட்டு, கிழிந்த அட்டைக்கு அடுத்த பக்கம், டீக்கறைக்குக் கீழே, இடைச்செருகல் என்பாரும் உளர்).

இந்த உரையாசிரியருக்கோ கார்டில்லை, நாடாவில்லை. வேப்பமரத்தடி, கரிப்பெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீர். காலரைத் திருப்பிப்போட்டு முதலில் உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம் தேய்ப்பார். சட்டையில் இரட்டைக்கோடு விழுந்து யாரும் பார்த்ததில்லை. மேற்படி வகைப்பாட்டில் அவருக்கு இடமில்லாதது வகைப்பாட்டின் குற்றமன்று. அறிஞர்கள் அப்படிச் சொல்வதுதான் வழக்கம்.

நல்லவேளையாக, 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வழி திறந்தது. ஒரு துறையில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால், பட்டம் கட்டாயமில்லாமலே 'நடைமுறைப் பேராசிரியர்' ஆகலாம். ஏற்கெனவே இருக்கும் பேராசிரியர்களுக்கும் நடைமுறைக்கும் உள்ள உறவை இதைவிட நாசூக்காக யாரும் சொன்னதில்லை.

இச்செய்தியை இஸ்திரிக்காரரிடம் விரிவாக எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொத்தம் எத்தனை துணி?" என்றார்.